ஜாக் ரஸ்ஸல் குட்டி, மூன்றாம் மாடி, உச்சா பிரச்சினை

கேள்வி – 9 ஜூன் 2024

இரண்டு மாதப் பெண் குட்டி. ஜாக் ரஸ்ஸல் டெரியர். கோவையில் அடுக்குமாடி வீடு, மூன்றாம் தளம். ஊசி எல்லாம் முடிகிறவரை தெருவில் இறக்காதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பேப்பர் விரித்தால் கிழித்து விளையாடுகிறது, அப்புறம் பேப்பரைத் தாண்டி வந்து சோபாவுக்கு அடியில் போகிறது. ஊரில் வளர்த்த நாட்டு நாய் இந்தத் தொல்லையெல்லாம் தந்ததே இல்லை. டெரியருக்கு மண்டைக்கனம், இந்தப் பழக்கம் வரவே வராது என்கிறார் நண்பர். நிஜமா?

9 ஜூன் 2024, இரவு

வரும். மண்டைக்கனம் இருப்பதும் நிஜம், பழக்கம் வருவதும் நிஜம்.

எங்கள் வீட்டில் ஒரு ஆண் ஜாக் ரஸ்ஸல் இருக்கிறான். பெயர் பொரி. ஐந்து வயசு ஆகிறது. சென்னை நங்கநல்லூர், நாங்களும் மூன்றாம் மாடிதான்.

ஊர் நாய் தொல்லை தரவில்லை என்றால், ஊரில் வாசல் திறந்து கிடந்தது, பின்னால் கொல்லை இருந்தது. அவசரம் வந்தபோது அதுவே எழுந்து போனது. யாரும் பழக்கவில்லை. பிறந்த குட்டிக்கு மூன்று வாரம் வரை தாய் நக்கிவிட்டால்தான் மூத்திரமே வரும். கால் ஊன்றி நடக்க ஆரம்பித்ததும் படுக்கிற இடத்தை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் போய் இருந்துவிட்டு வரும். அந்தச் சுத்தம் கூடப் பிறந்தது. நீங்கள் செய்ய வேண்டியது, படுக்கிற இடம் என்று அது நினைப்பதை ஹால், சமையலறை, பெட்ரூம் என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிசாக்குவது. தொள்ளாயிரம் சதுர அடியும் தன் படுக்கை என்று உள்ளங்கை அளவு ஜீவன் நம்ப வேண்டும். நாள் பிடிக்கத்தான் செய்யும்.

அதனால் முதல் வேலை, வீட்டைச் சின்னதாக்குங்கள். இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று அறை எதற்கு? கண் பார்வையில் ஒரு மூலை, ஒரு கூண்டு, பால்கனி. அவ்வளவுதான். கண்ணில் வைத்துக்கொள்ள முடியாத நேரம் கூண்டுக்குள். கூண்டு திரும்பிப் படுக்கிற அளவு இருந்தால் போதும். பெரிய கூண்டு வாங்கினால் ஒரு பக்கம் தூங்கி மறு பக்கம் போய் வைக்கும்.

சமைக்கும்போது பொரியின் லீஷை என் இடுப்பில் கட்டிக்கொண்டு சமைத்திருக்கிறேன். பார்க்கிறவர்கள் சிரித்தார்கள். சோபாவுக்கு அடியில் போக வழியில்லாமல் போனது.

9 ஜூன் 2024, இன்னும் கொஞ்ச நேரம் கழித்து

நேரம் சொல்ல விட்டுப்போனது. தூங்கி எழுந்த உடனே. சாப்பிட்டு ஐந்து நிமிஷத்திலிருந்து அரை மணிக்குள். ஓடி விளையாடி நின்ற உடனே. இந்த மூன்றும் தப்பவே தப்பாது. வயிற்றில் சாப்பாடு விழுந்ததும் குடல் அசைய ஆரம்பிக்கும், அது உடம்பின் ஏற்பாடு.

மாத வயசோடு ஒன்று கூட்டினால் எத்தனை மணி நேரம் அடக்கும் என்று தெரியும் என்பார்கள். இரண்டு மாதத்துக்கு மூன்று மணி நேரம். அது தூங்குகிற குட்டிக்கான கணக்கு. விழித்துக்கொண்டு குதிக்கிற சின்ன ரகக் குட்டிக்கு முக்கால் மணி நேரமே ஜாஸ்தி. ராத்திரியும் அலாரம் வைத்து எழுந்துதான் ஆக வேண்டும்.

அறிகுறி: விளையாட்டைப் பாதியில் விட்டுவிட்டு மூக்கைத் தரையில் வைத்து ஒரே இடத்தைச் சுற்றும். வாலின் அடிப்பகுதி லேசாகத் தூக்கும். லாப்ரடார் நிதானமாகச் சுற்றும், நமக்கு எழுந்து போக நேரம் இருக்கும். டெரியர் ஒன்றரைச் சுற்றிலேயே முடித்துவிடும்.

10 ஜூன் 2024

பேப்பர் விஷயம். எனக்கு இதில் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. பேப்பரே வேண்டாம்.

குட்டி இடத்தை மட்டும் கற்றுக்கொள்வதில்லை, காலுக்கு அடியில் என்ன இருந்தது என்பதையும் கற்றுக்கொள்கிறது. எட்டு ஒன்பது வார வயசில் அது மனதில் உட்கார ஆரம்பிக்கிறது. புல்லில் பழகியது புல்லைத் தேடும். சிமெண்டில் பழகியது சிமெண்டைத் தேடும். பேப்பரில் பழகினால் பேப்பர். என் வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை தரையில் பேப்பரைப் பரப்பிப் போட்டு இணைப்பு இதழ் வரை படிக்கிறவர். இனி நான் சொல்ல வேண்டியதில்லை.

உச்சாவை உறிஞ்சிக்கொள்ள என்று கடையில் விற்கிற பேட் அதைவிட மோசம் என்பேன். மெத்தென்று இருக்கும், பாத்ரூம் வாசல் மிதியடியும் மெத்தென்றுதான் இருக்கும். குட்டிக்கு இரண்டும் ஒன்று.

நாளைக்குக் கீழே மண்ணிலோ புல்லிலோதான் உச்சா போக வேண்டும் என்றால் இன்றைக்கே அதைக் காட்டுங்கள். பால்கனியில் ஓரம் தூக்கின ஒரு பிளாஸ்டிக் தட்டு, அதில் மண். தொட்டிச் செடிக்கு அடியில் வைக்கிற தட்டில் பெரிய சைஸ் கிடைக்கும்.

10 ஜூன் 2024, மாலை

மேலே மண் என்று எழுதினேன். தெருவிலிருந்தோ பார்க்கிலிருந்தோ அள்ளி வரவே கூடாது. பார்வோ என்கிற, குட்டிகளைக் கொல்கிற வயிற்றுநோய்க் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும். தெருவில் இறக்காதீர்கள் என்று டாக்டர் சொன்னதே அதற்காகத்தான். தெருவை அள்ளிக்கொண்டு வந்து மூன்றாம் மாடியில் வைத்தால் ஊசிக்கு என்ன மரியாதை? பாக்கெட்டில் வருகிற தேங்காய் நார்த்தூள் கட்டி வாங்கித் தண்ணீரில் ஊற வையுங்கள். செருப்பையும் வாசலுக்கு வெளியிலேயே விடுங்கள்.

13 ஜூன் 2024

*"தேங்காய் நார்த்தூள் போட்டோம். உச்சா போவதற்குப் பதிலாக நாலு காலாலும் தோண்டி பால்கனி முழுக்க இறைக்கிறது. கீழ் வீட்டுக்காரர் துணி காயப்போட்டிருந்தார்."*

சிரித்ததற்கு மன்னிக்கணும். கையில் இருப்பது டெரியர், அது தோண்டாமல் யார் தோண்டுவார்கள்?

இந்த ரகத்துக்குப் பெயர் கொடுத்தவர் ஜான் ரஸ்ஸல் என்கிற பாதிரியார். இங்கிலாந்தில் டெவன் பக்கம், 1795-இல் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் படிக்கிறபோது ஒரு பால்காரரிடமிருந்து ட்ரம்ப் என்ற பெட்டை டெரியரை வாங்கினாராம், வம்சம் அங்கிருந்து ஆரம்பம். (1819 வாக்கில் வைத்த பெயர். இப்போதைய அரசியலை இங்கே இழுக்க வேண்டாம்.) நரி வளைக்குள் ஓடி ஒளிந்தால் இந்த நாய் பின்னாலேயே இறங்கும். நரியைக் கொல்லக் கூடாது, குரைத்து வெளியே விரட்ட வேண்டும். மேலே நிற்கிற மனிதருக்கு ஒன்றும் தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். உள்ளே இருட்டில், ஆளைவிடப் பல்லும் நகமும் அதிகம் உள்ள மிருகத்தின் எதிரில், என்ன செய்வது என்று அந்த நாய் தனியாகத்தான் முடிவு எடுக்க வேண்டும்.

ஆடு மேய்க்கிற ரகங்கள் நொடிக்கு ஒரு தரம் எஜமானின் முகத்தைப் பார்க்கும். அப்படிப் பார்க்கிற நாயைத்தான் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள். டெரியரிடம் கேட்டது நேர் எதிர். உங்கள் நண்பர் மண்டைக்கனம் என்று சொன்னாரே, இதைத்தான். நம்மைச் சந்தோஷப்படுத்த வேண்டும் என்று அது எதுவும் செய்யாது, தனக்கு என்ன லாபம் என்று பார்க்கும். லாபத்தைக் காட்டினால் மளமளவென்று கற்றுக்கொள்ளும்.

லாபம் என்றால் அவிச்ச சிக்கன், பட்டாணி அளவு. சைவ வீடு என்றால் பனீர். போய் முடித்த அடுத்த நொடி, அந்தத் தட்டின் பக்கத்திலேயே. உள்ளே வந்து ஃபிரிட்ஜைத் திறந்து எடுத்துக் கொடுத்தால், ஃபிரிட்ஜ் கதவு திறந்ததற்குப் பரிசு என்று எடுத்துக்கொள்ளும்.

தட்டுக்கு: நர்சரியில் புல்தரைக்காகக் கட்டி கட்டியாக வேரோடு பெயர்த்து விற்பார்கள். சதுர அடிக் கணக்கில் கிடைக்கும். வாங்கி வந்து நன்றாக அலசி (மருந்து அடித்திருப்பார்கள்) தட்டில் இறுக்கமாகப் பதியுங்கள். வேர் பின்னியிருப்பதால் தோண்ட வராது. முயற்சி செய்யும், அலுத்துப்போய் விட்டுவிடும். பொரிக்கு அதுதான் வேலை செய்தது. புல் இரண்டு மூன்று வாரத்தில் மஞ்சளாகும், மாற்ற வேண்டும்.

16 ஜூன் 2024

பால் கொடுக்கிறீர்களா? நிறுத்துங்கள். நம் வீடுகளில் குட்டி வந்ததும் முதல் மரியாதை பாலும் மாரி பிஸ்கட்டும்தான். தாய்ப்பால் மறந்த குட்டிக்கு மாட்டுப்பாலில் இருக்கிற சர்க்கரை செரிக்காது, பேதியாகும். பேதியாகிற குட்டியைப் பழக்குவது நடக்கிற காரியமா? தயிர் கொஞ்சம் பரவாயில்லை. நேரத்துக்கு ஒரே சாப்பாடு, மூன்று வேளை, கால் மணி நேரம் வைத்துவிட்டுத் தட்டை எடுத்துவிடுங்கள். உள்ளே போகிற நேரம் ஒழுங்கானால் வெளியே வருகிற நேரமும் ஒழுங்காகும். தண்ணீரை மட்டும் ஒளித்து வைக்காதீர்கள். கோவை குளுமை என்று நினைக்கக்கூட வேண்டாம்.

23 ஜூன் 2024

மூக்கைத் தேய்ப்பது பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். எங்கள் தாத்தா காலத்திலிருந்து இதுதான் வைத்தியம், போன இடத்தில் மூக்கைத் தேய்த்து முதுகில் ஒன்று வை என்று.

பத்து நிமிஷம் முன்னால் போனதற்கும் இப்போது விழுகிற அடிக்கும் குட்டியால் முடிச்சுப் போட முடியாது. அது தெரிந்துகொள்வது ஒன்றே ஒன்று: மனுஷர்கள் இருக்கும்போது மூத்திரம் போனால் ஆபத்து. அப்புறம் கட்டிலுக்கு அடியில், வாஷிங் மெஷினுக்குப் பின்னால் என்று ஒளிந்து போகும். அதைவிடப் பெரிய தொல்லை, நாளைக்கு லீஷில் கட்டிக் கீழே கூட்டிப் போனால் உங்கள் எதிரில் போகவே போகாது. அரை மணி நேரம் நடக்கும், அடக்கிக்கொண்டே வரும், வீட்டுக்குள் நுழைந்ததும் நீங்கள் செருப்பைக் கழற்றுகிற நேரத்தில் பெட்ரூமுக்கு ஓடிப் போய்விடும். எங்கள் பிளாக்கில் ஒரு பீகிள் இன்றைக்கும் இப்படித்தான், மூன்று வயசாகிறது.

நடுவில் பிடித்தால் கையைத் தட்டி ஒரு "ஏய்", அப்படியே தூக்கிக்கொண்டு பால்கனி. முடிந்த பிறகு பார்த்தால் துடைத்துவிட்டுப் பேசாமல் இருங்கள். பேசித்தான் ஆக வேண்டும் என்றால் வீட்டில் யார் கண்காணிக்கவில்லையோ அவரிடம் பேசுங்கள்.

பொரியைப் பழக்கியது நானில்லை. ஆபீஸ் போகிறவள் பழக்கினால் எப்படி விளங்கும்? பழக்கியது என் மாமியார். நாயை உள்ளே விடுவதற்கே முதலில் சம்மதிக்காதவர். மத்தியானம் சீரியல் பார்க்கிறபோது ஒவ்வொரு விளம்பர இடைவேளைக்கும் அவனைத் தூக்கிக்கொண்டு போய்ப் புல்லில் விட்டு "உச்சா போ, ராஜா" என்பார். சீரியல் திரும்ப ஆரம்பிப்பதற்குள் அவன் முடித்தாக வேண்டும். எந்தப் பயிற்சியாளரும் இத்தனை ஒழுங்காக நேரம் பார்க்க மாட்டார். இன்றைக்கும் "ராஜா" என்று சேர்த்துச் சொன்னால்தான் போவான். வெறும் "உச்சா போ" அவனுக்குச் சம்பந்தமில்லாத பேச்சு.

24 ஜூன் 2024

துடைப்பது. இதைத் தனியாக எழுத வேண்டும் என்று நேற்றே நினைத்தேன்.

மூத்திரம் காய்ந்தால் அமோனியா வாடை வரும். அமோனியா கலந்த கிளீனர் போட்டுத் துடைத்தால் அந்த வாடையை இன்னும் கொஞ்சம் சேர்த்து வைக்கிறீர்கள் என்று அர்த்தம். பினாயில் நம் மூக்குக்குச் சுத்தம், அதற்கு அடியில் இருக்கிற வாடை நாய் மூக்குக்கு அப்படியே தெரியும். கறுப்பு பினாயில் போட்ட தரையில் நடந்துவிட்டுக் காலை நக்கினால் குட்டிக்கு விஷம். பிளீச்சிங் பவுடரை ஈர மூத்திரத்தின் மேல் போடவே போடாதீர்கள், மூச்சை அடைக்கிற புகை கிளம்பும்.

என்ஸைம் கிளீனர் என்று செல்லப்பிராணிக் கடையில் கேட்டால் கிடைக்கும். முதலில் பழைய துணியால் அழுத்தி ஒற்றி எடுத்துவிட்டு, அதை ஊற்றி, லேபிளில் போட்ட நேரம் அப்படியே விட வேண்டும். உடனே துடைத்தால் காசுதான் வீண். அவசரத்துக்கு வினிகரும் தண்ணீரும் பாதிப் பாதி (மார்பிள் தரை என்றால் வேண்டாம், கல்லை அரிக்கும்). எலுமிச்சைத் தோலும் வெல்லமும் போட்டு மூன்று மாதம் ஊற வைக்கிற பயோ என்ஸைம் பற்றிக் கேட்டவருக்கு: தரை துடைக்க நல்லது, என் வீட்டிலும் இருக்கிறது. மூத்திர வாடையை முழுசாக எடுத்ததாக எனக்குத் தோன்றவில்லை.

புற ஊதா டார்ச் ஒன்று வாங்கி ராத்திரி லைட்டை அணைத்துவிட்டு அடித்துப் பாருங்கள். எங்கெங்கே போயிருக்கிறது என்று பளிச்சென்று தெரியும். தைரியம் இருந்தால் மட்டும்.

7 ஜூலை 2024

*"அசோசியேஷனில் கூப்பிட்டு விசாரித்தார்கள். டெரியர் என்றால் தடை செய்த நாய்தானே என்கிறார் செயலாளர். லிஃப்ட்டில் கொண்டுபோகக் கூடாதாம்."*

இந்த மார்ச்சில் மத்திய அரசு 23 ரகங்களைப் பற்றி மாநிலங்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது, அதில் பிட்புல் டெரியர், அமெரிக்கன் ஸ்டாஃபர்ட்ஷயர் டெரியர் எல்லாம் இருந்தன. அது நீதிமன்றம் வரை போனது தனிக் கதை. ஜாக் ரஸ்ஸல் அந்தப் பட்டியலிலேயே இல்லை. வளர்ந்தாலும் ஏழெட்டுக் கிலோதான். லிஃப்ட் விஷயத்துக்கு விலங்குகள் நல வாரியம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இருக்கிறது, லிஃப்ட்டைத் தடுக்கக் கூடாது என்று சொல்கிறது. அச்செடுத்துக் கொடுங்கள். கூடவே ஊசி அட்டையின் நகலும்.

எங்கள் இடத்திலும் இதே கேள்வி வந்தது. மாமியார் உள்ளே போய் பீரோ மேலிருந்து ஒரு பழைய ஹெச்.எம்.வி. இசைத்தட்டை எடுத்து வந்து, "இந்த நாயும் டெரியர்தான், சங்கீதம் கேட்கிற நாய்" என்று நீட்டினார். தப்பில்லை. தட்டின் லேபிளில் கிராமபோன் எதிரில் உட்கார்ந்திருக்கிற அந்த நாய், பெயர் நிப்பர், 1884-இல் பிரிஸ்டலில் பிறந்தது, டெரியர் கலப்பு என்றுதான் சொல்வார்கள். வருகிறவர்களின் காலைக் கவ்வும் என்பதால் அந்தப் பெயர் வந்ததை மாமியாருக்கு நான் சொல்லவில்லை.

லிஃப்ட்டுக்குள் குட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு போங்கள். சட்டத்துக்காக இல்லை. லிஃப்ட் நகர்ந்ததும் அடிவயிறு கலங்கிக் குட்டி அங்கேயே போய்விடும். அப்புறம் எந்த வழிகாட்டுதலும் உதவாது.

20 ஜூலை 2024

விருந்தாளி வந்ததும் தரையோடு தரையாகக் குழைந்து கொஞ்சம் விட்டுவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். அதைப் பழக்கக் குறை என்று எண்ண வேண்டாம். சந்தோஷமும் பயமும் சேர்ந்து வருகிறபோது சின்னக் குட்டிகளுக்கு அடங்காது. குனிந்து தலைக்கு மேல் கையைக் கொண்டு போகாதீர்கள், வருகிறவரை முதல் இரண்டு நிமிஷம் கண்டுகொள்ளாமல் உட்காரச் சொல்லுங்கள். வளர வளரப் போய்விடும். திட்டினால் கூடும்.

ஆனால் நீங்கள் கடைசி வரியில் போட்டதுதான் எனக்கு உறுத்துகிறது. நன்றாகப் பழகி வந்த குட்டி இரண்டு நாளாகப் பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் குந்துகிறது, சொட்டுச் சொட்டாக வருகிறது, அந்த இடத்தை நக்கிக்கொண்டே இருக்கிறது. டாக்டரிடம் போங்கள். பெண் குட்டிகளுக்கு மூத்திரப் பையில் தொற்று வருவது சகஜம். வலியில் இருக்கிற குட்டிக்குப் பனீர் காட்டி என்ன பயன்?

23 ஜூலை 2024

தொற்றுதான் என்று டாக்டர் சொன்னதாகப் பதில் வந்திருக்கிறது. மருந்தை நாள் முடிகிறவரை கொடுங்கள், சொட்டு நின்றதும் நிறுத்தாதீர்கள்.

18 ஆகஸ்ட் 2024

பதினாறு வாரத்துக்கு மேல் போட வேண்டிய கடைசி ஊசியும் முடிந்து, வெறிநாய்த் தடுப்பூசியும் போட்டாகிவிட்டது, கீழே இறக்கினால் திருதிருவென்று முழிக்கிறது, மேலே வந்து பால்கனிக்கு ஓடுகிறது. அப்படித்தானே?

அதற்கு ஒரு வழி. மஞ்சளாகிப் போன புல்கட்டி, அதன் மூத்திரம் ஊறினது, அதில் ஒரு கை அளவு பிய்த்துக் கீழே கொண்டு போங்கள். எந்த இடத்தில் போக வேண்டும் என்று நினைக்கிறீர்களோ அங்கே போட்டுவிட்டு, லீஷைக் குட்டையாகப் பிடித்துக்கொண்டு சிலையாக நில்லுங்கள். நடக்க வேண்டாம், பேச வேண்டாம், போனைப் பார்க்க வேண்டாம். மோப்பம் பிடித்து, சுற்றி, போகும். போனதும் கையில் சிக்கன், அப்புறம் நடை.

இந்த வரிசை முக்கியம். நிறையப் பேர் நடத்திக்கொண்டே போவார்கள், நாய் போனதும் "முடிஞ்சுதா, வா வீட்டுக்கு" என்று திருப்புவார்கள். டெரியர் இதை இரண்டு நாளில் கண்டுபிடித்துவிடும்: போனால் ஊர்வலம் முடிந்துவிடும், எனவே அடக்கு. முதலில் வேலை, அப்புறம் ஊர்வலம்.

கீழே போகவே இல்லையா? மேலே கொண்டு வந்து கூண்டில் கால் மணி நேரம், திரும்பக் கீழே. வீட்டுக்குள் அவிழ்த்து விடாதீர்கள். கையில் எப்போதும் ஒரு கவர் இருக்கட்டும். இரண்டுக்குப் போனதை அள்ளாமல் வருகிறவர்களால்தான் மற்ற நாய்க்காரர்களுக்கெல்லாம் கெட்ட பெயர்.

பால்கனித் தட்டை உடனே எடுத்துவிடாதீர்கள். மழைக்காலம் வருகிறது.

19 ஆகஸ்ட் 2024

மணி கட்டலாமா என்று மதுரைக்காரர் கேட்டிருந்தார். கட்டலாம். எங்கள் வீட்டில் பெண்ணின் பழைய சலங்கையிலிருந்து நாலு மணியை எடுத்து வாசல் கதவில் மூக்கு உயரத்துக்குத் தொங்கவிட்டோம். ஒவ்வொரு தடவை போகும்போதும் அவன் மூக்கால் தட்ட வைத்தோம். சீக்கிரமே பிடித்துக்கொண்டான்.

பிடித்துக்கொண்டதில்தான் வம்பு. பூனை சத்தம் கேட்டால் மணி. எதிர்வீட்டில் மீன் பொரித்தால் மணி. ராத்திரி பதினொரு மணிக்குச் சும்மா மணி. மாமியார் பூஜை முடிந்துவிட்டது என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். அப்புறம் ஒரு விதி வைத்தோம்: மணி அடித்தால் லீஷ் போட்டு நேரே அந்த இடம், கொஞ்ச நேரம் நிற்பது, போகாவிட்டால் நேரே வீடு. நடை கிடையாது. லாபம் இல்லாத மணியை அவன் தானாகக் குறைத்துக்கொண்டான்.

2 நவம்பர் 2024

தீபாவளி முடிந்தது. "ஐந்து மாதம் பழகியது எல்லாம் போச்சு, மூன்று நாளாக ஹாலிலேயே போகிறது" என்று கோவையிலிருந்து புலம்பல். போகவில்லை. வெடிச் சத்தத்தில் கீழே இறங்கப் பயம், அவ்வளவுதான். பொரியும் முந்தாநாள் பாத்ரூமில் வாளிக்குப் பின்னால்தான் இருந்தான், நரி வளைக்குள் இறங்குகிற வம்சம்.

தீபாவளிக்கு விடிகாலை நாலு மணிக்கு முன்னால் ஒரு தரம் கீழே போய் வந்துவிட வேண்டும், அப்புறம் வெடி ஓய்கிறவரை பால்கனித் தட்டுகூட வேண்டாம், அதைத் தூக்கி பாத்ரூமுக்குள் வைத்துவிடுங்கள். லீஷ் இல்லாமல் வாசலைத் திறக்காதீர்கள். பயந்து ஓடித் தொலைகிற நாய்கள் இந்த வாரம்தான் அதிகம். இப்போதைக்கு முதல் வாரத்தில் செய்ததைத் திரும்பச் செய்யுங்கள்: வீட்டைச் சின்னதாக்கி, நேரம் பார்த்து, சிக்கன். இந்த முறை சீக்கிரம் வந்துவிடும்.

1 டிசம்பர் 2024

ஃபெஞ்சல் புயல் நேற்று புதுச்சேரிப் பக்கம் கரை கடந்தது. இங்கே தெருவில் கணுக்கால் தண்ணீர். பொரி லிஃப்ட்டை விட்டு இறங்கினான், ஒரு காலை நீரில் வைத்தான், என்னைப் பார்த்தான், திரும்ப லிஃப்ட்டுக்குள் போய் நின்றுகொண்டான். முந்தாநாள் ராத்திரியிலிருந்து அடக்கிக்கொண்டிருந்தவன். மேலே வந்து பழைய புல் தட்டை எடுத்து வைத்ததும் அப்படி ஒரு நேரம் போனான், மாமியார் "போதும்டா ராஜா" என்கிற வரைக்கும்.

தட்டை எடுத்துவிடாதீர்கள் என்று ஆகஸ்டில் சொன்னது இதற்குத்தான்.

மழை நீரில் இறக்காததற்கு இன்னொரு காரணம், எலி. எலி மூத்திரம் கலந்த தேங்கின நீரிலிருந்து லெப்டோஸ்பைரோசிஸ் (எலிக்காய்ச்சல்) வரும், நாய்க்கும் வரும், நமக்கும் வரும். டெரியர் எலியைக் கண்டால் விடாது. லெப்டோவுக்கான ஊசி அட்டையில் ஏறியிருக்கிறதா, வருஷம் தவறாமல் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். கீழே போய் வந்தால் கால் நாலையும் கழுவித் துடைத்துவிடுங்கள்.

15 டிசம்பர் 2024

*"இப்போது வீட்டுக்குள் போவதே இல்லை. துணைக்கு இன்னொரு டெரியர் குட்டி எடுக்கலாமா? தெரிந்தவர் வீட்டில் ஐந்து வாரக் குட்டிகள் இருக்கின்றன."*

ஐந்து வாரம் என்றால் தொடவே தொடாதீர்கள். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017 விதியே இருக்கிறது. தாயிடமும் கூடப் பிறந்ததுகளிடமும் அந்த மூன்று வாரம் இருக்கிற குட்டிக்குத்தான் படுக்கிற இடம் வேறு, போகிற இடம் வேறு என்பது படியும். எடுக்கிறபோது குட்டியைப் பார்ப்பதற்கு முன்னால் அது வளர்ந்த இடத்தைப் பாருங்கள். கம்பிக் கூண்டில் தன் மலத்திலேயே படுத்து வளர்ந்த குட்டிக்கு நான் ஜூனில் எழுதின கூண்டு வித்தை எதுவும் பலிக்காது, அதற்கு அது அழுக்காகவே தெரியாது.

உங்கள் குட்டிக்கு இப்போது எட்டு மாதம். இன்னும் முழுசாக நம்ப வேண்டாம், சின்ன ரகங்கள் ஒரு வயசு வரை அவ்வப்போது சறுக்கும். ஆண் என்றால் இந்த வயசில்தான் காலைத் தூக்கிச் சோபா முனையில் கையெழுத்துப் போட ஆரம்பிக்கும். குடும்பக் கட்டுப்பாடு செய்தால் பல நாய்களுக்கு அது குறையும். பொரிக்குக் குறைந்தது. எதிர்வீட்டு ஸ்கூட்டர் டயரை மட்டும் இன்னும் விடவில்லை.

டெரியர்கள் ஒன்றுக்கொன்று துணையாக இருக்கும் என்றும் ரொம்ப நம்பாதீர்கள். அமெரிக்காவில் பார் ஹார்பர் என்கிற ஊரில் ஐம்பதுகளில் ஐந்து ரகக் குட்டிகளை வைத்து வருஷக்கணக்கில் ஆராய்ந்தார்கள். மற்ற ரகங்களைக் கூட்டமாக வளர்க்க முடிந்தது. ஃபாக்ஸ் டெரியர் குட்டிகள் மட்டும் ஒன்றையொன்று கடித்துக் குதறியதால் பிரித்துப் பிரித்து வைக்க வேண்டியிருந்தது. ஜாக் ரஸ்ஸலுக்கு அது பங்காளி வீடு.

ஆசை விடவில்லை என்றால் மூத்ததற்கு ஒன்றரை வயசாகட்டும். வருவது ஆணாக இருக்கட்டும். சாப்பாடு தனித்தனி இடத்தில். புல் தட்டும் இரண்டு.